முதல் துண்டு

பிற்பகல் அஸர் தொழுகைக்கு முரசு அடித்து ஓய்ந்தபோது துமினி முதல் துண்டை வாயில் போட்டாள்.

காட்டுக்கிழங்கு. நன்றாக வெந்திருந்தது. உப்பும் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலும் போட்டிருந்தாள். மாவாக, மணமாக இருந்தது.

விஷம் மிச்சமிருந்தாலும் இப்படித்தான் மணக்கும்.

ஐந்து துண்டுகள் தின்றாள். பானையை மூடிவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

அந்தக் குன்றுகளில் அரிசியும் மரவள்ளியும் தீர்ந்த பிறகு காட்டுக்கிழங்குதான். தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, சாம்பலில் பிசறி, சாக்கில் கட்டி, ஓடுகிற தண்ணீரில் மூன்று நாள் போட்டுவைக்க வேண்டும். ஆக்கியவள்தான் முதலில் தின்ன வேண்டும். தின்றுவிட்டு, அடுத்த தொழுகைவரை எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் உட்கார வேண்டும்.

விஷம் இருந்தால் முதலில் தொண்டை அரிக்கும். பிறகு தலை சுற்றும். பிறகு தூக்கம் வரும். அந்தத் தூக்கத்திலிருந்து யாரும் எழுந்ததில்லை. அதனால் தெருவில் போகிறவர்கள் நின்று அவளிடம் ஏதாவது பேசிவிட்டுப் போவார்கள்.

துமினி சாக்கை இரண்டாம் நாளே எடுத்துவிட்டாள்.

முந்தைய நாள் மகன் திமின் சுவரைச் சுரண்டி மண்ணைத் தின்றுகொண்டிருந்தான். மூன்று வயது. வாய்க்குள் விரல் விட்டு எடுக்கப் போனபோது அவளுடைய விரலைக் கடித்தான். விளையாட்டாகக் கடிக்கவில்லை.

அப்போதே எழுந்து ஓடைக்குப் போனாள்.

வழக்கத்தைவிட ஒருமுறை கூடுதலாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டியிருந்தாள். அது ஒரு நாளுக்கு ஈடாகுமா என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால், ஏன் என்பார்கள்.

மகள் சுமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். எட்டு வயதுக்கு அவன் பெரிய சுமை.

"எப்பவும் உனக்குத்தான் மொதப் பந்தி. நீ மட்டும் தின்னுட்டுக் காத்து வாங்குறியா?"

"பொழுது சாஞ்சு மஃரிப் முரசு அடிக்கிற வரைக்கும் பானையத் தொடாத. அவனைக் கொல்லைப்பக்கம் தூக்கிட்டுப் போ."

காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் பிறகு அந்தக் கிழங்கை வாயில் வைக்க மாட்டார்கள். எந்த வீட்டிலும் சொல்வதில்லை.

சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

துமினி எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். தொண்டையில் ஏதோ உறுத்தியது. தேங்காய்த் துருவலாக இருக்கலாம். மறுபடியும் விழுங்கினாள்.

அடுத்த வீட்டு சாரினெம் தலையில் விறகுக் கட்டோடு வந்தாள்.

"என்னடி, இன்னும் போய்ச் சேரலையா?"

"உன்னை விட்டுட்டுப் போவேனாக்கா?"

"எத்தனை நாள் போட்டு வெச்ச?"

"மூணு."

சாரினெம் கட்டைத் தூக்கிப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்தாள். "கண்ணு சொருகுதே."

"வெயிலுதான் அக்கா."

"தூங்கித் தொலைக்காத. அப்புறம் ஜோக்ஜா டவுனுல வண்டி இழுக்குற உன் புருஷன் வேற ஒருத்திய இழுத்துட்டு வந்துருவான்."

சிரித்துக்கொண்டே போனாள். துமினியும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது தலை சுற்றியது.

படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கிழங்குக்கு முன் அவள் சாப்பிட்டு இரண்டு நாளாகியிருந்தது. பசியிலும் இப்படித்தான் தலை சுற்றும். பசியிலும் உள்ளங்கை வேர்க்கும், காது அடைக்கும். இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பசி என்றால், பானையைக் கொட்டினால் நாளைக்குத் திமின் மறுபடியும் சுவரைத் தின்பான்.

விஷம் என்றால்.

தொடையைக் கிள்ளினாள். வலித்தது. இன்னும் அழுத்திக் கிள்ளினாள். கொஞ்சம் குறைவாக வலித்ததுபோல் இருந்தது.

கொல்லையில் திமின் அழுதுகொண்டிருந்தான். அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டாள். அது காதில் விழும்வரை அவள் தூங்கவில்லை என்று அர்த்தம். நிழல் படியைத் தாண்டி மண்ணில் இறங்கியது. ஒரு கோழி குறுக்கே போனது. அவன் அழுதான், நிறுத்தினான், மூக்கை உறிஞ்சினான், மறுபடியும் அழுதான்.

பிறகு எதுவும் கேட்கவில்லை.

தூங்கிவிட்டோமோ என்று பதறி எழுந்தாள். சுவரைப் பிடித்து நின்றாள். மஃரிப் முரசு இன்னும் அடிக்கவில்லை. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை.

போதும். கொட்டிவிடலாம். நாளைக்கு நாளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுப்படிக்குள் போய்ப் பானையைத் தூக்கினாள். மூடி கீழே விழுந்து உருண்டது. எடுக்க நிற்காமல் கொல்லைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, பானையைக் கவிழ்த்தாள்.

பலா மரத்தடியில் சுமி தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் தலை அவளுடைய முழங்கையில் சாய்ந்து தொங்கியது. வாய் திறந்திருந்தது.

"ஐயோ, ஏம்மா கொட்டுற? நல்லாத்தானே இருக்கு. அழுகை தாங்காம இவனுக்கு ஒரு கிண்ணம் ஊட்டினேன், எப்படித் தூங்குறான் பாரு."