ஐந்தாவது நடுவர்

நடுவர்கள் ஐந்து பேர். நான்கு பேர், "எடுத்துக்கொள்ளலாம்" என்றார்கள். ஐந்தாவது ஆள் மட்டும், "கூடாது" என்றாள்.

அந்த ஐந்தாவது ஆள் சல்கின். மேடையில் கோமுஸ் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஜிபாரைப் போலவே அவளுக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது.

"மூணாவது பாட்டுல வேகம் கூடுற இடத்துல இடது பெருவிரல் தடுமாறிச்சு. பெரிய வாத்தியக் குழுவுக்கு இது பத்தாது. அடுத்த வருஷம் வரட்டும்."

ஐந்து பேரும் ஒத்துக்கொண்டால்தான் இடம். ஜிபார் எழுந்து, கணவன் மேதரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மேதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பார்வை இல்லாதவங்களுக்கு மேடையில இடம் குடுங்கன்னு ரேடியோவுல பேசுறது யாரு? இவதானே? கண்ணு தெரிஞ்ச நாலு பேரும் சரின்னுட்டாங்க. இவளுக்கு என்ன வந்துச்சு?"

"மெதுவாப் பேசு. காதுல விழும்."

"விழட்டும். அதுக்குத்தான் பேசுறேன்."

பின்னாலேயே நடுவர் எசென் வந்தார். நரைத்த தாடி, கனிந்த குரல். ஜிபாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசைத் தேத்திக்கோம்மா. நாங்க நாலு பேரும் உன் பக்கம்தான். அவங்களுக்கு... போட்டிக்கு ஆள் வந்துடுமோன்னு இருக்கும். வேற என்ன?"

சொந்த ஊரான நாரினுக்குத் திரும்பும் வழியெல்லாம் மேதர் வேனை ஓட்டிக்கொண்டே திட்டினான். தலைநகரின் பெரிய வாத்தியக் குழுவில் இடம்பிடித்த முதல் பார்வையற்றவள் சல்கின். மந்திரிகளின் வாசலில் போய் நின்று சண்டை போடுகிறவள். அவள் வாசிப்பை ரேடியோவில் கேட்டுக் கேட்டுத்தான் ஜிபாரே கோமுஸைத் தொட்டாள். வேறு யார் கழித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

பெருவிரல் தடுமாறியது உண்மைதான். அது ஜிபாருக்கும் தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ஒரு இடத்தையே வாசித்தாள். இரண்டு மகள்களும் தலையணையால் காதை மூடிக்கொண்டார்கள்.

"அம்மா, அதே இடமா? வேற பாட்டே இல்லையா?"

"இருக்கு. இது முடியட்டும்."

ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் சல்கினின் குரல். "தேர்வு நடக்கும்போது நடுவுல திரையைப் போடுங்க. வாசிக்கிறது யாருன்னு நடுவருக்குத் தெரியவே கூடாது. பேர் வேண்டாம், முகம் வேண்டாம், காது போதும்."

மேதர் எட்டி ரேடியோவை அணைத்தான். "உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்."

ஆனால் சல்கின் விடவில்லை. எழுதினாள், பேசினாள், அமைச்சக வாசலில் பனியில் நின்றாள். அடுத்த தேர்வுக்குள் திரை வந்துவிட்டது. திரை வந்ததும் நடுவர் பொறுப்பை வேறொருவருக்கு விட்டுவிட்டு அவளே விலகிக்கொண்டாள். "வாசிப்பை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடுவேன். எனக்கு ஏது திரை?" என்றாளாம்.

"இந்தத் தடவை அவ இல்ல, கிளம்பு" என்றான் மேதர்.

ஒரே ஒரு இடம். அதற்கு நாடு முழுவதிலிருந்தும் வந்திருந்தார்கள். காலடிச் சத்தம்கூடக் காட்டிக்கொடுக்காதபடி மேடையில் கம்பளம் விரித்திருந்தார்கள். ஜிபாரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு மேதர் கதவுக்கு வெளியே போய் நின்றான்.

மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்தது. பெருவிரல் வழுக்கவில்லை. ஜிபார் அங்கே வேகத்தை இன்னும் ஒரு பங்கு கூட்டினாள்.

வாசித்து முடித்தாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து எசெனின் குரல் கேட்டது.

"யாருப்பா இது?"

எல்லோரும் வாசித்து முடித்த பிறகு முடிவைச் சொன்னார்கள். ஐந்து பேரும் ஒரே ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஜிபாரை உட்காரவைத்துத் திரையை விலக்கினார்கள்.

"இந்தப் பொண்ணா? போன வருஷம் வந்த அந்தக் கண்ணு..." எசென் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு அவர்தான் முதலில் எழுந்து நின்று கைதட்டினார். அரங்கமே எழுந்துகொண்டது.

நடைக்கூடத்தில் மேதர் அழுதுகொண்டே சிரித்தான். கோமுஸை அவன் வாங்கித் தோளில் மாட்டும்போது, தரையைத் தட்டியபடி ஒரு வெள்ளைக்கோல் பக்கத்தில் வந்து நின்றது.

"ஜிபார், நான் சல்கின். பின்பக்கக் கதவுக்கு வெளியே உக்காந்து கேட்டேன். அந்தப் பெருவிரல், பாறையில மலையாடு ஏறுற மாதிரி ஏறிச்சு."

மேதர் முந்திக்கொண்டான்.

"போன வருஷமே ஏறியிருப்பா அக்கா. நாலு நல்லவங்க சரின்னு சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் வழியை மறிச்சீங்க."

"நல்லவங்கதான் தம்பி, நான் இல்லைன்னு சொல்லலையே." சல்கின் கையை நீட்டித் துழாவி ஜிபாரின் விரல்களைப் பற்றிக்கொண்டாள். "இவ அன்னைக்கு சுருதி சேர்த்துக்கிட்டிருக்கும்போதே, நாலு பேரும் மார்க்கைப் போட்டுட்டுப் பேனாவை மூடி வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கடைசி வரைக்கும் இவ வாசிப்பைக் கேட்டது நான் ஒருத்திதான்."