கார்ல் ஏன் காலைத் தட்டுகிறான்?

"கார்ல்! அந்தக் காலைக் கொஞ்சம் அடக்கி வெச்சுக்க மாட்டியா?"

ஜூடித் வயலினைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு முறைத்தாள். பின்னே என்ன? சர்ச் ஹால் மேடை முழுக்க மரப்பலகை. அதில் ஷூ காலால் ஓங்கித் தட்டினால் தெருவில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

"டாங்கோ அக்கா இது. டிரம்ஸ் கிடையாது. தாளத்தை நாமதான் தட்டிக்கணும்." ஆளுயர வயலின் போலிருந்த செல்லோவை அணைத்துக்கொண்டு சிரித்தான் கார்ல்.

"இது டாங்கோவா, இல்ல அரண்மனை வாசல்ல ஓடுற டாங்கா வண்டியா? குதிரை தோத்துது போ!"

பியானோவில் உட்கார்ந்திருந்த ஸ்வீட்டி சிரிக்கவில்லை. அதுவும் ஜூடித்துக்கு உறுத்தியது.

பதினெட்டு வருஷமாக மூவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஜூடித் மியூசிக் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கார்லுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ், ஸ்வீட்டி நர்ஸ். வருஷா வருஷம் மைசூரில் இதே ஹாலில் ஒரு கச்சேரி. மொஸார்ட், ஹைடன் என்று எல்லாம் அளந்து வைத்த மாதிரி இருக்கும். ஒத்திகையில் யாராவது அரை நொடி பிந்தினால் போச்சு, ஜூடித் நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பாள்.

இந்த வருஷம் என்ன பிடித்ததோ! "அக்கா, அர்ஜென்டினா டாங்கோ வாசிக்கலாம்" என்று வந்து நின்றான் கார்ல். மொஸார்ட்டை விட்டால் வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காத ஸ்வீட்டியும் உடனே "ஆகட்டும்" என்று தலையாட்டிவிட்டாள்.

நல்லாத்தானே இருந்தார்கள் ரெண்டு பேரும்? ஜூடித்துக்கு ஒன்றும் புரியவில்லை.

டாங்கோவில் வயலின் தாளத்துக்குச் சற்றுப் பின்னாலேயே வரலாமாம். அதுதான் அழகாம். என்ன ஆச்சரியம், அது ஜூடித்துக்கு முதல் நாளே வந்துவிட்டது. "அக்கா, நீங்க தப்பித்தவறி மைசூர்ல பொறந்துட்டீங்க" என்றான் கார்ல். அவளுக்கு உச்சி குளிர்ந்துதான் போனது.

ஆனால் மற்ற ரெண்டும்?

கார்ல் பலகையை உடைக்கிறான். ஸ்வீட்டி ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டுகிறாள். நோட்ஸைப் பார்த்து வாசியுங்கள் என்றால், ரெண்டு பேரும் ஜூடித்தின் வயலின் வில்லையே வெறித்துப் பார்க்கிறார்கள். பேச்சாவது தெளிவாக இருக்கிறதா? இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பு.

கச்சேரி சனிக்கிழமை. இன்றைக்கு விட்டால் சொல்ல நேரமில்லை. கார்ல் டீயும் பன்னும் வாங்க வெளியே போனதும், ஜூடித் பியானோ பக்கம் வந்தாள்.

"ஸ்வீட்டி, நான் முடிவு பண்ணிட்டேன். சனிக்கிழமை கார்ல் வேண்டாம். சுசித்ராவைக் கேட்டிருக்கேன். வெளியூர்ல செல்லோ படிச்சுட்டு வந்திருக்கிற பொண்ணு. காலை ஆட்டாம ஒழுங்கா வாசிப்பா."

ஸ்வீட்டியின் முகம் வெளுத்துப்போனது.

"பேடக்கா!" பதற்றத்தில் அவளுக்குக் கன்னடம்தான் வந்தது. "வேண்டாம்! பதினெட்டு வருஷம் நம்மகூட வாசிச்சவர். மனசு ஒடிஞ்சு போயிடுவார்."

"அப்ப அவன் ஏன் எம் பேச்சைக் கேட்க மாட்டேங்கிறான்? நூறு தடவை சொல்லிட்டேன், தட்டாதேன்னு."

ஸ்வீட்டி குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள்.

"என்ன? நிமிர்ந்து சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

ஜூடித் திகைத்து நின்றாள். அழுகிற அளவுக்கு என்ன சொல்லிவிட்டோம்? ஒருவேளை டாங்கோ என்றால் அப்படித்தான் தட்ட வேண்டுமோ? நமக்குத்தான் தெரியவில்லையோ?

சரி, பார்த்துவிடுவோம். தட்டச் சொல்லி நோட்ஸில் போட்டிருந்தால் கார்லிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம். போடவில்லையென்றால் இன்றோடு சரி.

கார்லின் ஸ்டாண்டில் இருந்த நோட்ஸை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். அச்சில் அப்படி ஒன்றுமே இல்லை. ஆனால் பக்கத்துக்குப் பத்து இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, "தட்டு", "தட்டு" என்று எழுதியிருந்தது.

ஆக, இவனாகச் சேர்த்துக்கொண்ட கூத்துதான்! ஜூடித்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மறக்கக் கூடாததைப் பென்சிலால் நோட்ஸிலேயே குறித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அதை இதற்கா பயன்படுத்துவான்? சுசித்ராவைக் கூப்பிடக் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

எடுத்தவளின் கண்ணில் முதல் பக்கத்தின் தலைப்புக்கு மேலே கார்லின் கிறுக்கல் பட்டது. "அக்கா எப்ப வர்றாங்களோ, அதுதான் சரியான இடம்."

இது என்ன பைத்தியக்காரத்தனம்? தாளம் என்று ஒன்று இல்லையா? நான் வருகிற இடம் எப்படிச் சரியான இடமாகும்?

அதற்குக் கீழே, முதல் வட்டத்துக்குப் பக்கத்தில், ஸ்வீட்டியின் குண்டு குண்டான கையெழுத்தில் இப்படி இருந்தது:

"கார்ல் அண்ணா, இந்த இடத்துல நல்லா பலமாத் தட்டுங்க. அக்காவுக்குப் பியானோ காதுல விழறதே இல்ல, பலகை அதிர்ந்தாத்தான் ஆரம்பிக்கிறாங்க. தயவுசெஞ்சு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."