வழக்கமான மறுப்பு

அமைச்சர் தணிகாசலத்துக்குப் பத்திரிகை என்றாலே ஆகாது. தன்னைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், அதைப் படித்துக்கூடப் பார்க்காமல், "இதில் துளியும் உண்மையில்லை" என்று மறுப்பு அனுப்பிவிட வேண்டும் என்பது உதவியாளர் ஜெயசீலனுக்கு அவர் போட்டிருந்த உத்தரவு. போன வாரம், "ஏரிக்கரை பலமாக இருக்கிறது, மக்கள் பயப்பட வேண்டாம்" என்று அமைச்சர் சொன்னதை ஒரு பத்திரிகை சொல் மாறாமல் போட்டது. அதற்கும் மறுப்பு போய், மறுநாள் அச்சாகியும் வந்துவிட்டது.

இன்று கொட்டும் மழையில் அமைச்சர் ஜெயசீலனோடு கரைமேல் ஏறி நின்று பார்த்தார். கீழே ஊரில் ஓர் ஆள் இல்லை. வீடெல்லாம் பூட்டிக் கிடந்தன.

"எங்கய்யா ஜனங்க?"

"உங்க மறுப்பைப் பார்த்துட்டு மூட்டை முடிச்சோட மேட்டுக்குப் போயிட்டாங்கய்யா."

"பைத்தியக்காரனுங்க! பேப்பர்க்காரன் பேச்சை நம்பியா?"

"இல்லைங்கய்யா. உங்க பேச்சை நம்பி."

தன் பேச்சை நம்பி ஓர் ஊரே எழுந்து போகும் என்று அமைச்சர் கனவிலும் நினைத்ததில்லை.

"எது பொய்யின்னு இப்பப் பாரு," என்று கரையை ஓங்கி மிதித்தார்.

கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.