பஸ்மியாவின் இருபத்தாறு மெயில்கள்

இந்தத் திங்கட்கிழமையும் சரியாக ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு பஸ்மியாவின் மெயில் வந்து விழுந்தது. "என் கணவர் ஹிஸ்புல்லாவின் முதுகுவலி இந்த வாரம் மேலும் கூடியிருக்கிறது. தயவுசெய்து விபத்து அறிக்கையில் கையெழுத்திட்டுத் தாருங்கள்."

சிவாஜினி அதற்கு முந்தியதை வாசித்தாள். அதற்கும் முந்தியதை வாசித்தாள். கடித்த மீன் பணிஸை அப்படியே மேசையில் வைத்தாள்.

திருகோணமலைத் துறைமுகத்தடியில், வெளிநாட்டுக் கப்பல்களுக்கு வேலையாட்களை அனுப்பும் நிறுவனம் அது. ஒரு வருடமாக அங்கே வரும் மெயில்களுக்கு ஏஐ ஏஜென்ட்தான் பதில் போடுகிறது. ஒரே விஷயத்தைப் பற்றிய மெயில்களை ஓர் இழையாகக் கோர்த்து அதனிடம் கொடுக்க ஒரு கருவி உண்டு. அந்தக் கருவியை ஏஜென்ட் எப்படிப் பாவிக்க வேண்டும் என்று கைநூல் எழுதுவது சிவாஜினியின் வேலை.

இதுவரை தலைப்பைப் பார்த்துக் கோர்த்த கருவியை, இன்றுதான் முதன்முறையாக, அனுப்பியவரைப் பார்த்துக் கோர்க்கச் சொல்லியிருந்தாள். பஸ்மியாவின் பெயரில் இருபத்தாறு மெயில்கள் ஒரே இழையாக வந்து நின்றன. ஒவ்வொரு திங்களும் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் வேறு தலைப்பு. இருபத்தாறுக்கும் பதில் மட்டும் ஒன்றுதான்: "தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் நலனில் மிகுந்த அக்கறை கொண்டுள்ளோம். விரைவில் கவனிக்கிறோம்."

கப்பலில் விழுந்து முதுகெலும்பு உடைந்த மனிதர். நிறுவனத்தின் கையெழுத்து இல்லாமல் காப்புறுதி அசையாது. காப்புறுதி அசையாமல் கொழும்பில் ஒப்பரேஷன் நடக்காது. ஆறு மாதமாக ஒரு பெண், ஒரு கிழமை தவறாமல், ஒரு நிமிடம் பிந்தாமல் கெஞ்சியிருக்கிறாள்.

மடிக்கணினியையும் அச்சிட்ட விபத்து அறிக்கையையும் தூக்கிக்கொண்டு முகாமையாளர் இராகுலனின் அறைக்குப் போனாள். அவர் பல்லைக் குத்திக்கொண்டே எல்லாவற்றையும் வாசித்தார். குச்சியின் நுனியை ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

"சோக்கான உதாரணம், சிவாஜினி. கைநூலில சேருங்கோ. பேரை மட்டும் மாத்திவிடுங்கோ."

"சேர், அந்த மனுசன் ஆறு மாசமாப் படுக்கையில கிடக்கிறார்!"

"அதுக்கு நான் என்ன செய்ய? எனக்கு ஒண்டும் வரேல்லயே. ஒரே இழையில மூண்டு மெயில் சேர்ந்தால்தான் ஏஜென்ட் எனக்குக் காட்டும். நீங்கள் எழுதின கைநூலில அப்பிடித்தானே கிடக்கு?"

கிடந்தது, நாலாம் பக்கத்தில். 'புதிய தலைப்பில் வருவது புதிய விஷயம். கிடைத்தது என்று பதில் அனுப்பவும். ஒரே இழையில் மூன்று சேர்ந்தால் மட்டும் முகாமையாளருக்குக் காட்டவும்.' போன வருடம் ஒரு பின்னேரம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் அவளே எழுதியது.

சிவாஜினிக்கு வாய் கசந்தது. அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலுமாரியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்க அதைவிட அருவருப்பாக இருந்தது.

"கையெழுத்து வையுங்கோ, சேர்."

"பின்னேரம் பாப்பம்."

"இப்ப வையுங்கோ. இல்லாட்டி இந்த இருபத்தாறையும் கப்பல் முதலாளிக்கு நானே அனுப்புவன்."

இராகுலன் குச்சியைக் கூடையை நோக்கி எறிந்தார். அது மேசையில் விழுந்தது. அதைச் சுண்டிவிட்ட அதே விரல்களால் பேனையை எடுத்து அறிக்கையில் கையெழுத்து வைத்தார். சிவாஜினி அதை நுனியில் பிடித்து உறைக்குள் போட்டாள்.

வெளியே குப்பைத்தொட்டியடியில், நகரத் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று, சோறு சுற்றிய லன்ச் ஷீட் பிளாஸ்டிக்கைக் குழம்போடு சப்பிக்கொண்டு நின்றது. வேறு நாளென்றால் பறித்து எறிந்திருப்பாள். இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ்மியாவின் ஊரான கிண்ணியாவுக்குப் போகும் பஸ்ஸுக்கு ஓடினாள்.

கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை, மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று ஒவ்வொரு வசனமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லாமே அந்த ஏஜென்ட்டின் பதில் போலவே கேட்டன.

விலாசத்தை விசாரித்துப் போய்க் கதவைத் தட்டினாள். மா அப்பிய கைகளோடு ஒரு பெண் திறந்தாள்.

"பஸ்மியா அக்காவா? கம்பெனியில இருந்து வாறன். கையெழுத்து வச்சாச்சு, அக்கா. இனி அவரை ஒப்பரேஷனுக்குக் கொண்டு போகலாம்."

பஸ்மியா உறையை வாங்கவில்லை. கதிரை ஒன்றை முழங்கையால் தள்ளிவிட்டு, "இருங்க" என்றாள்.

சிவாஜினி உட்காரவில்லை. "பிந்தினதுக்கு எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. காலமையும் உங்கட மெயில் வந்தது. வலி கூடிப்போச்சு எண்டு எழுதியிருந்தீங்கள்."

"நான் எழுதல்ல, தங்கச்சி. எனக்கு மெயில் ஒண்டும் எழுதத் தெரியாது." பஸ்மியா கையிலிருந்த மாவை மெல்ல உரித்தாள். "தம்பி நஸ்ரி கட்டாருக்குப் போறதுக்கு முதல் போன்ல என்னமோ ஏஐ போட்டுத் தந்தவன். கையெழுத்துக் கிடைக்கிற வரைக்கும் திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை அதுவே எழுதி அனுப்பும் எண்டு சொன்னான்."

சிவாஜினியின் கண் திறந்திருந்த அறைக்குள் போனது. கட்டிலில் மெத்தை இல்லை.

"அப்ப... அவர் இப்ப எப்பிடி இருக்கிறார், அக்கா?"

"அவர் மௌத்தாகி, அடக்கம் செஞ்சு மூணு மாசம், தங்கச்சி."