ஒரு வாளித் தவிடு

தம்பி கையில் இருந்த பையைப் பார்த்ததுமே இசக்கித்தாய்க்கு அவன் வந்த காரியம் புரிந்துவிட்டது. மஞ்சள் பைக்கு வெளியே தூக்குவாளியின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நெளிந்த கைப்பிடியை அவளுக்குத் தெரியாதா? அது அவள் வீட்டு வாளி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வாளி நிறையத் தவிடு கொடுத்துத்தான் தம்பி சண்முகையாவின் பிள்ளையை அவள் வாங்கினாள்.

சண்முகையாவின் பெண்டாட்டி மாரித்தாய்க்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகத் துரைப்பாண்டி பிறந்ததும், தவிட்டுக்கு விற்றுவிட்டால் எமன் அந்தப் பக்கம் வரமாட்டான் என்று ஊரில் சொன்னார்கள். பிள்ளையில்லாத இசக்கித்தாய் சங்கரன்கோவிலில் இருந்து தம்பி ஊரான ராயகிரிக்கு ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தாள். புட்டிப்பாலிலேயே வளர்த்தும் விட்டாள்.

ஆனால் அன்றைக்கே ஒரு பேச்சு இருந்தது. மூன்று வயது தாண்டியதும் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டும். தவிடு இல்லையென்றால் கேட்கக் கூடாது, பிள்ளை வாங்கினவளுக்கே.

மாரித்தாய் லேசுப்பட்டவளா? வாளிக்குள் வேப்பிலையைப் போட்டு, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். போன வருஷம் மழையில்லாமல் அவள் மாடு எலும்பும் தோலுமாக நின்றது. அப்போதும் அதில் ஒரு பிடி எடுக்கவில்லை. பொங்கலுக்குப் போன இசக்கித்தாய் பரணை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் துரைக்கு மூன்று வயது முடிந்தது. இன்றைக்குத் தம்பி வாசலில் வந்து நிற்கிறான்.

"வா தம்பி. மாரித்தாய எங்க?"

"அவ வரலக்கா. அவளால வர முடியாது."

பையைக் கதவோரம் வைத்தான். "அதப் பெறவு பாத்துக்கிடலாம்" என்றான். அவன் கண் இரண்டும் சிவந்திருந்தன. கேட்கப் போகிறவனுக்கு முகத்தைப் பார்த்துப் பேச முடியுமா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் பைமேல் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. எறும்புக்குக்கூட என் வீட்டில்தான் வேலை என்று எரிச்சலோடு தட்டிவிட்டாள்.

"பிள்ளைக்கு மேலு சுடுதுலே. சளி வேற கட்டியிருக்கு. பஸ்ஸுல கொண்டுபோனா காத்து ஒத்துக்கிடாது" என்று வாய்க்கு வந்ததை அளந்தாள்.

மேலு சுடுகிற பிள்ளை அந்நேரம் பார்த்துக் கோழியை விரட்டிக்கொண்டு கொல்லையில் இருந்து ஓடி வந்தான். உடம்பெல்லாம் புழுதி. "மாமா!" என்று கத்திக்கொண்டு பெற்ற அப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

சண்முகையா அவன் உச்சந்தலையில் மூக்கை வைத்து அப்படியே இருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"போன மாசம் ஆடித்தபசுக்கு வந்தோம்லா? மாரித்தாய் இவனத் தூக்கப் போனா. 'அத்த, நீ போ'ன்னு சொல்லிட்டு ஒன் முந்தானைக்குள்ள ஒளிஞ்சான். ஞாபகம் இருக்காக்கா?"

"சின்னப் பிள்ளதானலே. நாலு நாளு பழகினா சரியாயிரும்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வந்தவனுக்கு நானே வழிகாட்டுகிறேனே, என் வாயில் மண்ணைப் போட என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சண்முகையா காப்பியைத் தொடவில்லை. "இவன் போட்ட சட்டை ஒண்ணு குடுக்கா. துவைக்க வேண்டாம், அப்பிடியே குடு. மாரித்தாய் கேட்டா."

அவ்வளவுதான். இசக்கித்தாய் கொடியில் கிடந்த சட்டைகளை எல்லாம் உருவி அவன் மடியில் எறிந்தாள்.

"ஒண்ணு எதுக்குலே? எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ! தூங்கும்போது என் காதப் பிடிச்சாத்தான் இவனுக்குக் கண்ணு மூடும். அதையும் அறுத்துத் தாரேன், கொண்டு போய் ஒம் பொண்டாட்டிகிட்ட குடு!"

அடுத்த வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி அவள் அழுகை தெருவுக்குக் கேட்டது. துரை இறங்கி ஓடி வந்து, "அம்மா, அழாத" என்று அவள் காதைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நான் சொல்லுதத..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கூடப் பொறந்த பாவத்துக்கு ஒன்னய வையவும் முடியல. ஆனா எனக்கும் கணக்குத் தெரியும். தவிட்டுல ஒரு பிடி கொறைஞ்சாலும் பிள்ளையத் தர மாட்டேன், ஆமா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை இழுத்தாள். வாளியை எடுத்து மூடியைத் திறந்தாள்.

உள்ளே வாய்வரைக்கும் கருப்பட்டி மிட்டாய் இருந்தது. துரை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு ஓடினான்.

அவள் வாளியையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தவிடு எங்கலே?"

சண்முகையா ஒரேயொரு சட்டையை மட்டும் எடுத்து மடித்தான். புழுதி உதிராமல் பைக்குள் வைத்தான்.

"நேத்து அவளே மாட்டுக்கு வச்சிட்டாக்கா."