வாளைப்பளம்

“வாழைப்பழம் இல்லீங்கம்மா, வாளைப்பளம். எங்கே, சொல்லுங்க பாப்போம்!”

“வாழைப்பழம்” என்றார் அந்த அம்மா. அப்பழுக்கில்லாத ‘ழ’. பள்ளியின் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நடந்த இந்தக் கூத்து, கதவோரம் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த மைக் செட்காரர் காதில் விழுந்தது. அவர் ஒயரை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“இன்னும் பத்தே நிமிஷம்தாம்மா இருக்கு. புள்ளைங்களுக்குக் காதுதான் எல்லாம். ஒரு எழுத்து மாறினாலும் புடிச்சிருவாங்க.”

“நான் என்ன சார் பண்றது? மூணு மாசப் பயிற்சி. நாக்கு திரும்ப மாட்டேங்குது.”

“அப்ப மேடையில உண்மையச் சொல்லிரட்டுமா?”

“ஐயையோ, வேணாம் சார்! வெக்கக்கேடு. அத்தனை பேரு முன்னாடி மானம் போயிரும்.” தோளில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு, அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மைக் செட்காரருக்கு ரத்தம் கொதித்தது. அடப்பாவிகளா, ஆள்மாறாட்டமா? அதற்கு மூன்று மாதப் பயிற்சி வேறா?

அவருடைய தங்கை இந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். அவளையும் சேர்த்து, பார்வையில்லாத நாற்பத்திரண்டு பிள்ளைகள். அவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் மொத்தத்தையும் யாரோ ஒரு புண்ணியவதி, சல்லிக்காசு வாங்காமல், பேர்கூடச் சொல்லாமல், தன் குரலில் வாசித்துப் பதிந்து அனுப்பியிருந்தார்.

அந்தக் குரலுக்கு ஒரே ஒரு குறை. ‘ழ’ வராது, ‘ள’தான் வரும். பிள்ளைகளுக்கோ அந்தக் குரல் சொன்னதுதான் வேதவாக்கு. தமிழ்த் தேர்வில் நாற்பத்திரண்டு பேரும் ‘வாளைப்பளம்’ என்றே பிரெய்லில் எழுதி மார்க்கைக் கோட்டைவிட்டார்கள்.

வரலாற்றுத் தேர்வில் இன்னும் விசேஷம். பாடத்தைப் பதிந்துகொண்டிருந்தபோது தைக்கக் கொடுத்த துணியைக் கேட்டு யாரோ வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். அந்தக் குரல் அங்கிருந்தே ஒரு அதட்டல் போட்டிருக்கிறது. அதை வெட்ட மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் விடுவார்களா? ‘போர் முடிந்தது. பேன்ட் புதன்கிளமைதான், உசுர வாங்காத’ என்று நாற்பத்திரண்டு விடைத்தாளிலும் இருந்தது.

ஆனாலும் எல்லோரும் பாஸ். அந்தக் குரலின் கையைப் பிடித்து ஒரு நன்றியாவது சொல்லியே தீரவேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றதால்தான் இன்றைக்கு இந்த விழா. அவர்களே வாசகம் சொல்லிச் செய்த கேடயத்தில் ‘எங்கள் வாள்வின் வளிகாட்டிக்கு’ என்று பொறித்திருந்தது.

அந்தக் கேடயத்தைத்தான் இப்போது எவளோ ஒருத்தி தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள்! மைக் செட்காரர் முன்வரிசைக்கு ஓடினார்.

“ஏமாத்துறாங்க பாப்பா. மேடைக்கு வரப்போறது அந்த அக்கா இல்ல. பயிற்சி குடுத்துக் கூட்டியாந்திருக்காங்க. என் காதால கேட்டேன்.”

“அப்படியாண்ணா? வரட்டும், பாத்துக்கிறேன்” என்றாள் தங்கை. அரை நிமிடத்தில் சேதி கடைசி வரிசைவரைக்கும் போய்விட்டது.

செயலாளர் வேர்த்து வடிய அறிவித்தார். அந்த அம்மா மைக் முன்னால் வந்து நின்றார்.

“அன்பான குழந்தைகளே...”

நாற்பத்திரண்டு தலைகளும் ஒருபக்கமாகச் சாய்ந்தன. அவ்வளவு சுத்தமான ‘ழ’ அந்த மண்டபத்துக்கே புதுசு. “இது அவங்க இல்ல! அவங்க இல்ல!” என்று போட்ட சத்தத்தில் கூரை பிய்த்துக்கொள்ளும்போல் இருந்தது.

“நான்தான் கண்ணுங்களா... சத்தியமா நான்தான்...”

“ஷீல்டக் குடுக்காதீங்க சார்!” மைக் செட்காரர் இன்னொரு மைக்கைப் பிடுங்கி அலறினார். தெருக்கோடிவரைக்கும் கேட்டது. செயலாளர் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

தங்கை எழுந்தாள். “அவங்கதான்னா இதுக்குப் பதில் சொல்லட்டும். போர் முடிஞ்சதும் என்ன ஆச்சு?”

“ச... சமாதான உடன்படிக்கை கையெழுத்தாச்சு.”

“தப்பு!” என்றார்கள் நாற்பத்திரண்டு பேரும். சரியான விடையைச் சொல்லித் தோற்றுப்போனவர் உலகத்திலேயே அந்த அம்மா ஒருவராகத்தான் இருப்பார். பாவம், மைக்கைப் பிடித்தபடியே விசும்ப ஆரம்பித்துவிட்டார்.

அந்த விசும்பல் தங்கையை என்னவோ செய்தது. கொஞ்சம் யோசித்தாள். கையில் இருந்த கோலால் நாற்காலியை ‘டொக் டொக் டொக்’ என்று மூன்று தட்டுத் தட்டினாள்.

“அக்கா, பேன்ட் ரெடியா?”

“புதன்கிளமைதான், உசுர வாங்காத!” அழுகைக்கு நடுவிலேயே எரிந்து விழுந்தது அந்தக் குரல்.

மைக் செட்காரர் மைக்கை மெதுவாகக் கீழே வைத்தார். அடுத்த கணம் பிள்ளைகள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அந்தக் குரலை நோக்கி மேடையேறினார்கள்.

அந்த அம்மாவோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“ஐயோ, என்னால உங்களுக்கு மார்க் போச்சேன்னு மூணு மாசம் ‘ழ’ படிச்சேனே, எல்லாம் பாளாப் போச்சே!”