குறி தப்பாத பீரங்கி

"இந்தப் பீரங்கியால நான் ஒரே ஒரு தடவைதான் சுட்டேன். குண்டு தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்குள்ள புகுந்து, கொட்டாவி விட்டுக்கிட்டிருந்த இவ வாய்க்குள்ள போய் விழுந்துச்சு!"

கணக்கு வாத்தியார் பெருமையோடு மனைவியைச் சுட்டிக் காட்டினார். கையுறை மாட்டிக்கொண்டிருந்த அருங்காட்சியக மதிப்பீட்டாளர் பாதியில் நின்றுவிட்டார்.

"குண்டா சார்?"

"பயப்படாதீங்கம்மா. பெப்பர்மின்ட் மிட்டாய்."

மேஜைமேல் உட்கார்ந்திருந்தது பீரங்கி. சாண் நீளப் பித்தளை, அவ்வளவுதான். ஆனால் வாத்தியார் அதைத் துணியில் சுற்றித் தூக்கிவந்த தோரணைக்குப் பின்னால் நாலு யானையாவது வந்திருக்க வேண்டும். வந்தது மனைவியும் மனைவியின் தம்பியும்தான்.

"நம்பாதீங்க மேடம்," என்றார் மைத்துனர். வாத்தியார் எது சொன்னாலும் மறுப்பதற்கென்றே கூட வருபவர். "கல்யாணத்தப்போ அந்தத் தெரு சின்னச் சந்தா இருந்துச்சு. வருஷா வருஷம் அகலமாயி, இப்ப நடுவுல கப்பலே போகும்!"

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று மனைவியிடம் கேட்டார் மதிப்பீட்டாளர்.

"என் வாயில எதுவும் விழலைன்னு சொல்லிச் சொல்லி வாயே வலிச்சுப் போச்சு. இப்பல்லாம் சிரிச்சுக்கறதோட சரி," என்றார் மனைவி.

"வெக்கம்!" என்றார் வாத்தியார்.

மதிப்பீட்டாளர் லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனார். பீரங்கியைத் திருப்பினார், கவிழ்த்தார், தட்டிப் பார்த்தார்.

"ரொம்பப் பழசுதான் சார். ஆனா நிறைய கை வெச்சிருக்காங்க. சக்கரம் அசல் இல்லை. வெடிமருந்துக்கு நெருப்பு வைக்கிற ஓட்டையை ஈயத்தால அடைச்சிருக்கு. பின்பக்கத்தை அறுத்து, உள்ளே ஒரு சுருள்வில் வெச்சிருக்கு. வாயை அரத்தால ராவி அகலப்படுத்தியிருக்கு."

"அத்தனையும் நானே செஞ்சது!" மெடல் வாங்கப் போகிறவர் போல எழுந்து நின்றார் வாத்தியார்.

"பழம்பொருளைக் கெடுத்ததுக்கு மார் தட்டற ஒரே ஆள் நீங்கதான் அத்தான்."

"கெடுத்தேனா? சீர்திருத்தினேன்டா!"

"எப்ப? போன வாரமா? கண்காட்சிக்குச் சின்னப் பீரங்கி வேணும்னு பேப்பர்ல பாத்ததும் அரத்தைத் தேடியிருப்பீங்க."

"இல்லைங்க," என்றார் மதிப்பீட்டாளர். "போன வாரம் ராவியிருந்தா அந்த இடம் பளபளன்னு இருக்கும். இங்க ஒவ்வொரு கீறலுக்குள்ளயும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கு. உங்க கல்யாணத்துக்கு முன்னாடின்னு சொன்னா நம்பலாம்."

மைத்துனர் முதல்முறையாக மேற்கூரையைப் பார்த்தார்.

"குழலுக்கு அடியில ஒரு ஆப்பு வேற அடிச்சிருக்கு. நேர் எதிர்ல இருக்கிறதை அடிக்க மூக்கை இவ்வளவு தூக்க வேண்டாம். மாடியைத்தான் குறி வெச்சிருக்கீங்க."

"அந்தக் கோணத்துக்கு நான் போட்ட கணக்கை வெச்சு நிலாவுக்கே ராக்கெட் விடலாம்மா!"

மதிப்பீட்டாளர் சிரித்தார். ஆனால் லென்ஸைக் கீழே வைத்தபோது சிரிப்பு குறைந்திருந்தது.

"ஒரு சங்கடம் சார். இப்படி மாத்தின பொருளை நாங்க கண்காட்சியில வெக்கறதில்லை. எதுக்காக மாத்தினாங்கன்னு உறுதியாத் தெரிஞ்சா மட்டும் வெப்போம். அப்ப அந்த மாற்றமே அதோட கதையாயிடும். ஆனா சொந்தக்காரர் சொன்னாப் போதாது. சாட்சி வேணும். மிட்டாய் யார் வாயில விழுந்துச்சோ அவங்களே சொல்லிட்டா, இப்பவே கண்ணாடிப் பெட்டியில வெச்சுடறேன்."

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள்.

"சொல்லிடேன்," என்றார் வாத்தியார். குரலிலிருந்த யானைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "ஊர் முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். இந்தப் பீரங்கிக்கு இதைவிட நல்ல இடம் ஏது?"

"உங்களுக்காக என்ன வேணா செய்வேங்க. ஆனா இவங்க எழுதி வெக்கற இடத்துல பொய் சொல்ல வராது. நெஜமாவே எதுவும் விழலை."

"நான் பாத்தேனே! நீ வாயைப் பொத்திக்கிட்டு ஜன்னலைப் படார்னு சாத்தினியே! அந்த தைரியத்துலதானே மறுநாளே உங்க அப்பாகிட்ட வந்து பொண்ணு கேட்டேன்!"

"நான் ஜன்னலைச் சாத்தவே இல்லையே..."

வாத்தியார் துணியை எடுத்துப் பீரங்கியைச் சுற்ற ஆரம்பித்தார். கைக்குழந்தைக்குப் போர்த்துவதுபோல மெதுவாக.

மைத்துனர் தொண்டையைச் செருமினார். இன்னொரு முறை செருமினார். பிறகு அந்தத் துணியின்மேல் கை வைத்தார்.

"சுத்தாதீங்க அத்தான். மேடம், நான் சொல்றதை எழுதிக்குங்க. அது நடந்துச்சு."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் அக்கா.

"எதிர்வீட்டுப் பையன் உன்னைப் பாக்கறானான்னு வேவு பாக்க, அன்னிக்கு அப்பா உன்னை உள்ளே அனுப்பிட்டு என்னைத்தான் ஜன்னல்ல உக்கார வெச்சிருந்தாரு. அரையிருட்டுல கொட்டாவி விட்ட என் வாய்க்குள்ளதான் மிட்டாய் வந்து விழுந்துச்சு; காவலுக்கு வெச்சவன் லஞ்சம் வாங்கிட்டான்னு ஆயிடும்னு வாயைப் பொத்திக்கிட்டு ஜன்னலைச் சாத்தினேன், இன்னிக்கு வரைக்கும் இதைப் பத்தி வாயைத் தொறக்கலை. ஆனா பெப்பர்மின்ட்னு மட்டும் எழுதிடாதீங்க மேடம், அது நமுத்துப்போன ஆரஞ்சு மிட்டாய்!"